சோத்துக் கோப்பையைப் பறிச்ச ஆமிக்காரன்

எங்கட பக்கத்து வீட்டுக் கிழவன் ஒரு கசவாரம், படு கஞ்சன் எண்டு நான் முதல் வருசமே முடிவு கட்டிப்போட்டன். இந்தக் குளிர் நாட்டில, ரூஜ் எண்ட இடத்தில வீடு வாங்கி வந்து எங்களுக்கு முதல் ஹலோவீன். தெரு முழுக்கப் பிள்ளையள் வேசம் போட்டுக்கொண்டு பையை நீட்ட, எல்லா வீட்டிலயும் அள்ளி அள்ளிப் போடுகினம். அந்த வீட்டில மட்டும் லைற்றை நூத்துப்போட்டு, கிழவன் இருட்டுக்குள்ள யன்னலோட குந்திக்கொண்டு இருக்குது. பச்சைப் பிள்ளையளுக்கு ஒரு ரொபி குடுக்க மனம் வராத மனிசனும் ஒரு மனிசனோ எண்டு என்ர அவரிட்டக் கேட்டன். "உமக்கேன் உந்த விடுப்பு" எண்டார். அடுத்த வீட்டு விடுப்புப் பாக்காமல் ஒரு தெருவில எப்பிடிக் குடியிருக்கிறது எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை.

கிழவனுக்கு அப்பவே நூறை எட்டிப்பிடிக்கிற வயசு. பேத்தியோட இருந்தவர், பேத்தி வேலைக்குப் போனால் வீட்டில தனிய. ஒருநாள் வேலிக்கு அங்கால நிண்டு எங்கட குசினி மணத்தை மூக்கால இழுக்கிறதைக் கண்டிட்டு, பாவம் எண்டு "அங்கிள், ரீ?" எண்டு கேட்டன். அவ்வளவுதான். அடுத்த நாளில இருந்து ஒவ்வொரு பின்னேரமும் வோக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கட குசினி மேசையில இருக்கத் தொடங்கினார். கிழவன் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்ச நானும் மெல்ல மெல்லக் கிழவர் எண்டு மாத்தினன்.

தேத்தண்ணி குடிப்பார். ஒரு பிஸ்கற் தின்னுவார். இரண்டாவதை வைக்கப் போனால் கையால பிஸ்கற் கோப்பையை, அந்தத் தட்டை, மூடுவார். எங்கட ஆக்களுக்கு அது சரிவராது. வந்தவர் கோப்பையை மூடினால், கையைத் தள்ளிப்போட்டு வைக்கிறதுதான் மரியாதை. வேண்டாம் எண்டால் வேணும் எண்டுதான் நாங்கள் எடுக்கிறது. அதால நான் தள்ளுவன், அவர் மூடுவார், பிஸ்கற் உடையும். நானும் மன்னாரில பிறந்தவள், விடுவனே.

சும்மா சொல்லக்கூடாது, மனிசன் வேலையில கைகாரன். என்ர குசினிக் கத்தியள் எல்லாத்தையும் தன்ர கல்லில தீட்டித் தந்தார். நான் வாங்கி மேசை லாச்சிக்குள்ள போட்டன். என்ர மகளுக்கு, இஞ்ச பிறந்தது, பத்திக்கொண்டு வந்திட்டுது. "அம்மா, யூ ஆர் ஸோ ரூட். ஒரு தாங்க் யூ சொல்லத் தெரியாதா?" எண்டாள். "உன்ர கொப்பருக்கு நான் எத்தினை வருசமாய்ச் சோறு போடுறன், மனிசன் ஒருநாள் தாங்க் யூ சொன்னவரே?" எண்டு கேட்டன். எங்கட வீட்டில சொந்த ஆக்களுக்கு நன்றி சொல்லுறது, அவையைப் பிறத்தியார் ஆக்குற மாதிரி. கிழவர் எங்கட சண்டையைப் பாத்து, ஒண்டும் விளங்காமல் சிரிச்சுக்கொண்டு இருந்தார்.

கார்த்திகை மாதம் வந்தால் மட்டும் மனிசன் ஆளே மாறிப்போவார். சண்டையில செத்த ஆமிக்காரரை நினைக்கிற விழாவுக்கெண்டு மெடலுகளைக் குத்தி, கோட்டில சிவப்புப் பூவை வைச்சு, காரில ஏத்திக்கொண்டு போவினம். அங்க ஆக்கள் வரிசையில நிண்டு அவரின்ர கையை ரெண்டு கையாலயும் பிடிச்சு நன்றி சொல்லுவினமாம். திரும்பி வந்து எங்கட மேசையில பிணம் மாதிரி இருப்பார். ஏன் இவ்வளவு மரியாதை எண்டு மகளிட்டக் கேட்டன். ரெண்டாவது உலகச் சண்டை முடியேக்க, ஜெர்மன்காரன் ஆக்களை அடைச்சு வைச்சுச் சாகடிச்ச முகாமுகள், அந்தக் காம்புகளுக்குள்ள போய்த் திறந்துவிட்ட ஆமிக்காரரில இவரும் ஒராள் எண்டாள். நான் நம்பேல்லை. எங்கட ஊரில ஆமி வந்தால்தான் காம்பே தொடங்கும். காம்பைத் திறந்துவிட வாற ஆமியும் உலகத்தில இருக்கெண்டு எனக்கு ஆர் சொன்னது. கிழவரிட்டக் கேட்டால், "நான் லொறி ஓடினனான்" எண்டதோட கதை முடிஞ்சுது.

போன வருசம் என்ர அவருக்குக் குடலில அடைப்பு வந்து ஒப்பரேஷன் செய்தவை. அதுக்குப் பிறகு இன்பெக்ஷன், காய்ச்சல். கிழமைக்கணக்கில ஆஸ்பத்திரி. குடுக்கிற சாப்பாட்டைத் தொடவே மாட்டன் எண்டிட்டார். வீட்டை கொண்டுவரேக்க கழுத்தெலும்பு ரெண்டும் துருத்திக்கொண்டு நிண்டது. அங்க ஒரு சாப்பாட்டு அட்வைஸ்காரப் பிள்ளை, கொஞ்சம் கொஞ்சமாய்த்தான் குடுக்கவேணும் எண்டு சொல்லித்தான் விட்டவள். அந்தப் பிள்ளையே எலும்பும் தோலுமாய் இருந்தாள். அவளிட்டச் சாப்பாட்டைப் பற்றி என்ன கேக்கிறது எண்டு நான் ஒரு காதால வாங்கி மற்றக் காதால விட்டிட்டன்.

வீட்டை வந்த ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பிச் சமைச்சன். புட்டு, ஆட்டிறைச்சிக் கறி, கணவாய்ப் பிரட்டல், முட்டைப் பொரியல். கோப்பையில குவிச்சு அவருக்கு முன்னால வைச்சன். மனிசன் மணந்து பாத்திட்டு, கனகாலத்துக்குப் பிறகு முதல் தடவையாய்ச் சிரிச்சார். எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சுது. முதல் வாய் போய், இரண்டாவது வாய்க்குக் கையைத் தூக்கேக்க கிழவர் உள்ள வந்தார்.

வோக்கரை வாசலிலயே விட்டிட்டு, சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு வந்து, கோப்பையைப் பறிச்சார். குழம்பு அவரின்ர சேட்டிலயும் என்ர மேசைச் சீலையிலயும் ஊத்துண்டுது. சாப்பிடுற மனிசன்ர கையில இருந்து கோப்பையைப் பறிக்கிறதை நான் எங்கட ஊரில ஆமியோட நடந்த சண்டைக்குள்ள கூடக் காணேல்லை. "கசவாரம் பிடிச்ச கிழவா, உனக்கென்ன விசரா" எண்டு தமிழில கத்தினன். கோப்பையை இழுத்தன். அவர் நெஞ்சோட அணைச்சுக்கொண்டு விடேல்லை. "இவர் செத்துப்போவார்" எண்டு இங்கிலிசில திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தச் சொல்லுக்கு எனக்குக் கை விட்டுப்போச்சுது.

மகள் அவரைக் கதிரையில இருத்தினாள். அவர் மெல்லமாய்ச் சொல்லச் சொல்ல அவள் எனக்குத் தமிழில சொன்னாள். காம்புக்குள்ள லொறியைக் கொண்டுபோய் நிப்பாட்டேக்க இவருக்குப் பத்தொன்பது வயசு. ஒருத்தன் எலும்பாய் எழும்பி வந்து நிண்டானாம். இவர் தன்ர இறைச்சி ரின்னை உடைச்சுக் குடுத்தாராம். ஒரே மூச்சில திண்டு முடிச்சான். பாவமாய்க் கிடக்க இன்னொண்டும் உடைச்சுக் குடுத்தார். அவன் இவரின்ர கையை ரெண்டு கையாலயும் பிடிச்சு ஏதோ பாசையில நன்றி சொன்னானாம். பிறகு லொறிச் சில்லோட சாஞ்சு இருந்தவன், வயித்தைப் பிடிச்சுக்கொண்டு அதிலயே செத்துப்போனான். கனநாள் பட்டினி கிடந்த உடம்பு பெருஞ்சாப்பாட்டைத் தாங்காது எண்டு டாக்குத்தர்மார் வந்து சொல்லித்தான் இவங்களுக்குத் தெரியுமாம். அதுக்கிடையில கனபேர் கனபேருக்குக் குடுத்திட்டாங்கள்.

"அதுக்குப் பிறகு நான் ஆருக்கும் என்ர கையால ஒரு சாப்பாடும் குடுக்கேல்லை" எண்டார். இன்னும் ஏதோ சொன்னார். மகள் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் அழுதாள். நான் வெருட்டின பிறகுதான் சொன்னாள். "ஒவ்வொரு வருசமும் அதே மாதிரிக் கையைப் பிடிச்சு நன்றி சொல்லுகினம். இந்த வீட்டில மட்டும்தான் ஒருத்தரும் சொல்லுறேல்லை. அதுதான் இஞ்ச வாறனான்."

இவ்வளவு காலமும் என்ர மரியாதைகெட்ட குணத்துக்காகவே ஒரு மனிசன் எங்களிட்ட வந்து இருந்திருக்கிறார். மகள் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தாள். அவையும் கிழவர் சொன்னதைத்தான் சொன்னவை. நான் கறியெல்லாத்தையும் ஃப்றீசருக்குள்ள வைச்சிட்டு, கஞ்சித் தண்ணி வைச்சன்.

பிறகு வந்த நாளெல்லாம் கிழவர்தான் எங்கட வீட்டு அதிகாரி. நேரத்தோட வந்து கஞ்சிக் கோப்பையை எட்டிப் பாப்பார். கூடினால் விரலைத் தூக்குவார். என்ர அவர் பல்லைக் கடிச்சுக்கொண்டு குடிப்பார். "இந்தக் கிழட்டு ஆமியிட்ட இருந்து என்னை ஆர் வந்து திறந்துவிடுறது" எண்டு முனகுவார். மெல்ல மெல்லக் கஞ்சி தடிச்சுது, பிறகு குழைசோறு, பிறகு மீன் துண்டு. கழுத்தெலும்பு உள்ளுக்க போச்சுது.

புட்டும் ஆட்டிறைச்சியும் திரும்ப வைச்ச நாள், கிழவரையும் மேசையில இருத்தினன். என்ர அவர் மகளிட்டக் கேட்டு நல்ல இங்கிலிசில ஒரு நன்றி பாடமாக்கி வைச்சிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு அதைச் சொல்ல வெளிக்கிட, மேசைக்குக் கீழால ஒரு உதை விட்டன். மனிசன் முழிச்சுப் பாத்திட்டு, வெறுங்கோப்பையைக் கிழவரின்ர பக்கம் நீட்டினார்.

கிழவர் கனநேரம் அந்தக் கோப்பையைப் பாத்துக்கொண்டு இருந்தார். பிறகு கரண்டியை எடுத்து, புட்டு வைச்சு, அதுக்கு மேல இறைச்சியும் வைச்சார். என்ர அவர் திண்டார். கோப்பையைத் திரும்ப நீட்டினார். கிழவர் என்னைப் பாத்தார். நான் தலையாட்ட, இன்னொரு கரண்டியும் வைச்சார்.

திண்டு முடிய, கிழவர் எழும்பேல்லை. கைகள் ரெண்டையும் மடியில வைச்சுக்கொண்டு என்ர மனிசன்ர முகத்தையே பாத்துக்கொண்டு இருந்தார். தேத்தண்ணி ஆறினது. வெளியில இருளத் தொடங்கேக்க, என்ர அவர் கதிரையில சாஞ்சு, வெக்கமில்லாமல், வயிறு நிறைஞ்ச ஏப்பம், பெரிய ஏவறை ஒண்டு விட்டார்.

கிழவர் ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் ஒரு பிஸ்கற்றை எடுத்து அவரின்ர கோப்பையில வைச்சன், பிறகு இன்னொண்டும் வைச்சன். அண்டைக்கு அவர் கோப்பையை மூடேல்லை.