கரையில் நான் கொடுக்காத வாக்கு

பட்டினப்பாக்கத்துக் கரையில் காற்று மணலை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் சபையைச் சேர்ந்த ஸ்டெல்லாவின் கணவர் முந்தின நாள் கடலுக்குப் போனவர், இன்னும் திரும்பவில்லை. அவள் அழவில்லை. கடலையே வெறித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சபைப் போதகரான என்னை அவள் பக்கத்து வீட்டு அக்கா பிடித்துக்கொண்டார். "அண்ணன் வந்துடுவாருன்னு ஆண்டவர் சொல்றா மாதிரி ஒரு வசனம் எடுத்துக் குடு பாஸ்டரே!"

கொடுத்துவிடலாம். வாக்குத்தத்த வசனங்கள் என் நாக்கு நுனியில் இருந்தன. ஆனால் அவர் வருவார் என்று ஆண்டவர் எனக்குச் சொல்லவில்லையே. வேதத்தைப் பிரித்தேன். எங்கே போய்விட்டீர் என்று கடவுளிடமே முறையிடும் ஒரு சங்கீதப் பாடலை அதிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

அக்கா கொதித்துப்போனார். "இன்னா பாஸ்டரே, இது இன்னா சாவு வூடா? நிறுத்து!"

படிப்பதை நிறுத்தினேன். ஸ்டெல்லாவை நானே உடைத்துவிட்டேனோ?

"நிறுத்தாத பாஸ்டரே." ஸ்டெல்லா திரும்பினாள். "காலைலேர்ந்து நானும் ஆண்டவராண்ட இதத்தான் கேட்டுகினு கீறேன். கேக்குறது பாவமோன்னு பயந்துகினு இருந்தேன். வேதத்துலயே இது எழுதிகீதா?"

"கீதும்மா" என்றேன்.

அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். அழுகையோடு அழுகையாக ஜெபிக்கவும் தொடங்கினாள்.

மறுநாள், இன்ஜின் நின்றுபோன படகை, ஸ்டெல்லாவின் கணவரோடு, வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. வருவார் என்று நான் சொல்லியிருந்தால், பலித்துவிட்டது என்று என்னைக் கொண்டாடியிருப்பார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வியர்க்கிறது. வேதத்துக்கு நான் முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அது போகும் வழியில் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.