சுமைதாங்கிக்கு நான் கொடுத்த மஞ்சள்

மஞ்சளை எடுத்துக் கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் அந்த அக்காவைக் குறை சொல்ல வேண்டாம்.

கல்வராயன் மலையடிவாரத்தில், எங்கள் மளிகைக் கடைக்கு எதிரே ஒரு சுமைதாங்கி நிற்கிறது. நட்டுவைத்த இரண்டு கல், அவற்றின் மேல் குறுக்காக ஒரு பலகைக் கல். நாடு சுதந்திரம் அடைந்து பல வருஷம் ஆகியும் மலைக்காரர்கள், மலையை ஆண்ட ஜாகீருக்குக் கூலியில்லாமல் மூட்டை சுமந்தார்கள். ஒருநாள் இந்தக் கல்லில் சுமையை இறக்கியவர்கள், இனித் தூக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சுமைதாங்கியில் இருக்கும் சுமையை அதை இறக்கியவர் கூப்பிட்டாலொழிய வேறு யாரும் தொடக்கூடாது என்பது இங்கே வழக்கம். ஜாகீரின் ஆட்களே தொடப் பயந்து, கம்பு மூட்டைகள் மழையில் முளைவிட்டுக் கிடந்தனவாம். முதலில் மறுத்தவரின் மகள்தான் நான் சொல்லும் அக்கா. அறுபது வயது. வாரச்சந்தைக்குத் தினை கொண்டுவருவாள்.

ரோட்டை அகலப்படுத்தக் கோடு போட்டபோது கல் கோட்டுக்குள் வந்துவிட்டது. அக்காவும் மலைக்காரர்களும் நானும் மனு மேல் மனு கொடுத்தோம். ஒரு கல்லுக்கு இத்தனை மனுவா என்று கேட்டார்கள். எனக்குப் பொறுமை கம்மி.

"மனு எழுதிக்கினே இருந்தா ஆவாதுக்கா. மஞ்சளப் பூசி, செவப்புத் துணி ஒண்ணு கட்டிவுடு. எவன் தொடறான்னு பாக்கலாம்."

"அது சாமி இல்லியே பாய்," என்றாள். நான் விடவில்லை. கடையிலிருந்து மஞ்சளையும் துணியையும் எடுத்துக் கொடுத்து, அவளைப் பூச வைத்தேன். பெரிய மூளைக்காரன் என்ற நினைப்பு எனக்கு.

அடுத்த சந்தை நாள் காலையில் இன்ஜினியர் ஜேசிபியோடு வந்தார். மஞ்சளைப் பார்த்துத் தயங்குவார் என்று காத்திருந்தேன். அவர் சிரித்தார்.

"சாமியா? அப்போ சுலபமாச்சே. பூஜை போட்டு எடுத்துடலாம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கோயிலே கட்டித் தரச் சொல்றேன்."

கூட்டத்தில் பாதிப்பேர் கைதட்டினார்கள். நான் கொடுத்த மஞ்சளே கல்லைப் பெயர்க்க வழியாகிவிட்டது. கழுவிவிடலாம் என்று பக்கெட்டில் தண்ணீர் பிடித்தேன். ஆனால் குல்லா போட்ட நான் அதில் கை வைத்தால் சாயங்காலத்துக்குள் ஊரில் கதை வேறாகிவிடும். கடை வாசலைத் தாண்டக் கால் வரவில்லை. பயம்தான், வேறென்ன.

அக்கா தினை மூட்டையை என் கடைப்படியில் போட்டுவிட்டு, பக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள். துணியை அவிழ்த்தாள். தண்ணீரை ஊற்றித் தேய்த்தாள்.

"சாமி குத்தம் ஆயிடும்!" என்று யாரோ கத்தினார்கள்.

"ஆச்சுன்னா எனுக்கே ஆவட்டும். எங்கப்பன் சுமைய எறக்குனது இங்க. அந்தப் பக்கம் இல்ல. சாமி நவுரும், இது நவுராது."

இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்போ வெறும் கல்லுதானே?" என்று சொல்லி டிரைவருக்குக் கை காட்டினார். ஜேசிபியின் கை மேலே எழுந்தது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அக்கா ஓடிவந்தாள். இரண்டு பெண்கள் தூக்கிவிட, மூட்டையைத் தலையில் வாங்கிப் போய்க் கல்லின் மேல் இறக்கினாள். இறக்கிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். சந்தைக்கு வந்த மலைப் பெண்கள் தலைச்சுமையோடு அவள் பின்னால் வரிசையாக நின்றார்கள்.

டிரைவர் மலையில் பெண் எடுத்தவர். இன்ஜினை நிறுத்திவிட்டார்.

"சும இருக்குதுங்க சார்."

"எடுத்து ஓரமா வெய்யா!"

"அந்தம்மா எடுத்தாதான் உண்டு. நான் தொட மாட்டேன்."

வேறு யாராவது எடுங்கள் என்றார் இன்ஜினியர். கைதட்டியவர்கள்கூட அசையவில்லை. அவர் போன் மேல் போன் போட்டார். வெயில் ஏறியது. உச்சி வேளைக்குப் பிறகு, சுண்ணாம்புப் பொடி வாங்கிவரச் சொல்லி, பழைய கோட்டை அழித்து, கல்லைச் சுற்றி வளைத்துப் புதுக்கோடு போட்டார். "இப்போதைக்குத்தான்," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ரோடு இன்றும் அந்த இடத்தில் வளைந்துதான் போகிறது.

ஜீப் போனதும் அக்கா கடைப்பக்கம் திரும்பினாள்.

"பாய், வா. தூக்கிவுடு."

எங்கள் அப்பா காலத்தில் ஜாகீர் மூட்டைகளும் எங்கள் கடைக்குத்தான் வந்தன. சுமந்தவர்களுக்குக் கூலி உண்டா என்று நாங்கள் கேட்டதில்லை. நான்கூட இத்தனை வருஷத்தில் மூட்டையை இறக்கி வாங்கியிருக்கிறேனே தவிர, ஒருவர் தலையிலும் ஏற்றிவிட்டதில்லை. வாசலைத் தாண்டிக் கல்லுக்குப் போய், மூட்டையை இரண்டு கையாலும் பிடித்து அவள் தலைக்குத் தூக்கியபோது மூச்சு வாங்கியது.

"ஜாஸ்தி கனமா இருக்குதேக்கா."

"இருக்கட்டும். இது என்னுது," என்று சொல்லிவிட்டுச் சந்தைக்கு நடந்தாள்.