ஃப்யூஸ் பிடுங்க வந்தவர்

காலை பத்து இருபதுக்கு எங்கள் மீட்டரின் முன்னால் லைன்மேன் வந்து நின்றார். நிலச்சரிவில் நாங்கள் குடியிருந்த எஸ்டேட் லயம், அந்த வரிசை வீடுகள் முழுக்க, மண்ணுக்குள் போனபின், அரசாங்கம் எங்களை இந்த வாடகை வீட்டில் வைத்திருந்தது. லயத்தில் விறகு கிடைத்தது. இங்கே விறகடுப்புக்கு இடமில்லை, கேஸ் விலையும் கட்டுப்படியாகவில்லை. கரண்ட் அடுப்பில் சமைத்துச் சமைத்து பில் ஏறிவிட்டது, கட்ட முடியவில்லை.

நரைத்த மீசை, வெயிலில் கறுத்த கைகள். எந்த வீட்டிலும் ஃப்யூஸைத் தொடுமுன் அவர் குரல் கொடுப்பார்: "ஃபோன சார்ஜ் போட்டுக்கங்க, தண்ணி ஏத்திக்கங்க."

உள்ளே என் மகள் கரண்டில் ஓடும் நெபுலைசரை வைத்தபடி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். அவர் எட்டிப் பார்த்தார்.

"பாப்பாவுக்கு மருந்து தீரட்டும் டீச்சர்" என்று படியில் உட்கார்ந்தார்.

"சாயங்காலம் மறுபடி வைக்கணுமே அண்ணே. எங்களுக்குத் தள்ளுபடி உண்டுன்னாங்களே?"

"உண்டு. ஆனா அது எந்த மீட்டருக்குன்னு தெரியலயே. இது வீட்டுக்காரர் பேர்லல்லா இருக்கு." வில்லேஜ் ஆபீசுக்கு அவரே ஃபோன் போட்டார்.

மருந்து தீர்ந்தும் அவர் எழவில்லை. கரண்ட் ஆபீசிலிருந்து அவரை இருமுறை கூப்பிட்டார்கள். "போஸ்ட் மேல நிக்கேன் சார்" என்று படியில் இருந்தபடியே பொய் சொன்னார். அதிகம் பழக்கமில்லாத எங்களுக்காக ஏன் சொன்னார் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

ஒரு மணிக்கு வில்லேஜ் ஆபீஸ் ஊழியர் ஜீப்பில் வந்து இறங்கினார். தள்ளுபடி உத்தரவை என் கையில் கொடுத்துச் சிரித்தார்.

"நல்ல சேதி டீச்சர். மண்ணுக்குள்ள போன உங்க பழைய வீட்டுக்கு இனி கரண்ட் பில்லே வராது."