என் பிரேக் கத்தினால் சமையலறை சுத்தமாகும்

சொல்லாமல் போய் நிற்பதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பாதி வேலை; மீதிப் பாதி, போய் நின்ற இடத்தில் தேத்தண்ணி குடிக்காமல் திரும்பி வருவது. கல்முனைப் பக்கம் எங்களை எல்லோரும் பிஎச்ஐ என்பார்கள். ஹோட்டல், பேக்கரி, ஐஸ்கிறீம் கடை எல்லாவற்றின் பின்கதவும் எங்களுக்குத் தெரியும். பத்தொன்பது வருடம் ஒரு கிழட்டு பைக்கில் இந்த வேலையைச் செய்துவிட்டு, ஒருவழியாகப் புதுப் பைக் ஒன்று எடுத்தேன். மூன்றாம் வாரமே அதன் முன்பிரேக் கத்தத் தொடங்கியது. புதுப் பைக் எடுத்து, அதன் சத்தத்துக்கு வெட்கப்பட்டுத் தெருவில் தலை குனிந்து போன சகோதர சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தலையை நிமிர்த்துங்கள், விடிவு இருக்கிறது.

புதுமாப்பிள்ளைக் கவனிப்பு

என் வீடு சாய்ந்தமருதில், கடலிலிருந்து இரண்டாவது தெரு. எங்கள் உப்புக் காற்றுக்கு இரும்பு என்றால் பலகாரம் மாதிரி. போன வருடம் போட்ட கேற்றில் இப்போதே விரல் போகிறது. பழைய பைக்கை அப்படித்தான் பறிகொடுத்தேன். இதையாவது காப்பாற்றுவது என்று சபதம் எடுத்தேன்.

ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆத் தொழுகைக்கு முன்னர் கழுவுவேன், உலர்த்துவேன், பிறகு தேங்காய் எண்ணெயும் டீசலும் கலந்த துணியால் இரும்பு தெரிகிற இடமெல்லாம் ஒரு பூச்சுப் பூசுவேன். சக்கரக் கம்பி இடுக்கில்கூட விரலை விட்டுத் துடைப்பேன். ஒரு நாள் என் மனைவி முற்றத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கலியாணம் முடிச்சு இவ்வளவு காலத்துல என்ட முகத்த இப்பிடி ஒரு நாள் பாத்திரிக்கீங்களா?"

ஓட ஓடச் சரிவரும்

சத்தம் என்றால் சாதாரணச் சத்தம் இல்லை. ஆட்டுக்குட்டியின் வாலில் ஏறி மிதித்த மாதிரி ஒரு கீச்சு. கிணறு பார்க்கச் சவளக்கடைக்குப் போனால் வயலில் நின்ற கொக்குகள் கூட்டமாக எழும்பிப் பறந்தன. பைக் வாங்கிய இடத்தில் கேட்டேன். புதுசுதானே சேர், ஓட ஓடச் சரிவரும் என்றார்கள். ஓடினேன். அக்கரைப்பற்று வரைக்கும் சும்மா ஓடிவிட்டு வந்தேன். சத்தம்தான் இன்னும் தெளிவாக வந்தது.

முதல் சேர்விஸில் பிரேக் பேட்டை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தார்கள். மூன்று நாள் நிம்மதி. சனிக்கிழமை மறுபடி கீச்சு. திரும்பவும் தேய்த்தார்கள், திரும்பவும் சனிக்கிழமை கீச்சு. நாலாவது தடவை நான் வாசலில் பிரேக் பிடித்ததும், உள்ளே இருந்தவர் எழும்பாமலே சொன்னார்: "சேர், கொஞ்சம் சத்தம் இரிக்கிறது நல்லம்தானே, ஹோன் அடிக்கத் தேவல்ல."

அப்பழுக்கற்ற ஹோட்டல்

இதே காலத்தில்தான் என் பெயருக்கு ஆபத்து வந்தது. சந்தியோரம் லெத்தீப் காக்காவின் ஹோட்டலைப் பற்றி எங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் மேல் கடிதம். பராட்டாவில் கரப்பான், கறியில் நாற்றம், சாப்பிட்ட பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். நான் ஆறு தடவை போனேன். ஆறு தடவையும் சமையலறை பளபள என்று இருந்தது. மூடி போட்ட சட்டிகள், தலைக்குத் தொப்பி போட்ட வேலையாட்கள், ஈரம் காயாத தரை. பொய் எழுத முடியுமா? ஆறு அறிக்கையிலும் 'திருப்திகரம்' என்று எழுதிக் கொடுத்தேன்.

ஊர் வேறு மாதிரி எழுதிக்கொண்டது. பிஎச்ஐக்கு அங்கே தினமும் ஓசியில் மட்டன் கொத்து ரொட்டி என்று மீன் சந்தையில் கதை. பத்தொன்பது வருடம் ஒரு கடையில் ஒரு வாய் வெறுந் தேத்தண்ணிகூடக் குடிக்காதவன் நான். எங்கள் சுகாதார வைத்திய அதிகாரி நல்ல மனுஷி, என்னைச் சந்தேகப்பட அவருக்கு மனமில்லை. ஆனாலும் ஆறாவது அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உங்கட ரிப்போட்ட நான் இப்ப ரெண்டு தரம் வாசிக்க வேண்டிக் கிடக்கு."

ஜெசிந்தா மிஸ் கண்ட காட்சி

ஜெசிந்தா மிஸ் எங்கள் அலுவலகத்துக் குடும்பநல உத்தியோகத்தர். நான் ஆறாவது தடவை போன அன்று அந்த ஹோட்டலில் பராட்டா கட்டச் சொல்லிவிட்டு நின்றிருக்கிறார். ஹோட்டலுக்குக் கொஞ்சம் முன்னால், பள்ளிவாசலடியில் ஒரு வேகத்தடை உண்டு. அதில் என் பிரேக் கத்தியது. அவ்வளவுதான். உள்ளே ஒருவர் பூனையைத் தூக்கி வெளியே போட்டார், ஒருவர் நிலத்தில் கிடந்த மாவை அள்ளி ஒளித்தார், ஒருவர் வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றினார், மற்றவர்கள் அலுமாரியிலிருந்து தொப்பிகளை எடுத்து மாட்டினார்கள். நான் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, புத்தகத்தைக் கையில் எடுத்து உள்ளே வர எல்லாம் முடிந்துவிட்டது.

அலுவலகத்துக்கு வந்து இதைச் சொல்லும்போது மிஸ் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அங்கே பெயர்கூட வைத்திருந்தார்கள். "சேர், உங்கட பிரேக் கத்தினவுடன அந்தக் கடை முதலாளி உள்ளுக்குப் பாத்து, 'கீச்சு வருது, கீச்சு வருது' எண்டு சத்தம் போட்டவர்."

நடந்து போன கதை

பைக்கை விட்டுவிட்டு நடந்து போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். போனேன். சீருடையோடு நூறு அடி நடப்பதற்குள் ஒன்பது ஸலாம், மூன்று நுளம்புக்கடி முறைப்பாடு, ஒரு வடிகான் அடைப்பு. அதற்குள் தொலைபேசிகள் வேலை செய்துவிட்டன. ஹோட்டல் வாசலில் லெத்தீப் காக்கா துவாயால் முகம் துடைத்துக்கொண்டு அன்பாக வரவேற்றார்: "என்ன சேர், பைக் கராஜிலயா? பாவம், வெயிலுக்க நடந்து வாறீங்க."

வெள்ளிக்கிழமை நோய்

அன்று அறிக்கை எழுதாமலே வீட்டுக்கு வந்து, எனக்குத் தெரிந்த வித்தையைக் கையில் எடுத்தேன். ஓர் ஊரில் வயிற்றோட்டம் வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? யாருக்கு, எந்த நாளில் தொடங்கியது, அதற்கு முதல் நாள் எதைத் தொட்டார், எதைத் தின்றார் என்று எழுதுவோம். பைக்குக்கும் அப்படியே ஒரு கொப்பி போட்டேன். எங்கே போனது, எப்போது பேட் தேய்த்தது, எப்போது கத்தியது, மழையா வெயிலா, எல்லாம் ஒரு மாதம் எழுதினேன். பிறகு கொப்பியோடும் பைக்கோடும் கல்முனையில் கராஜ் வைத்திருக்கும் யோகனிடம் போனேன்.

யோகன் பைக்கைத் தொடவில்லை. கொப்பியைத்தான் வாசித்தார். "ஒவ்வொரு வாரமும் சனிக்கிழமைதான் தொடங்குது. வெள்ளிக்கிழம என்ன சேர் செய்யிற நீங்க?" என்று கேட்டார். கழுவித் துடைப்பதைச் சொன்னேன். எதால் துடைப்பது என்று கேட்டார். சொன்னேன். அவர் குனிந்து பிரேக் டிஸ்க்கை விரலால் தடவி, மூக்கில் வைத்து மணந்து, அந்த விரலை என் முன்னால் நீட்டினார். தேங்காய் எண்ணெய் மணந்தது.

கடற்காற்றில் ஓர் இரவு நின்றால் அந்தத் தட்டில் மெல்லிய துரு படரும். முதல் தடவை பிரேக் பிடிக்கவே அது தானாகப் போய்விடுமாம். நான் அதைக் கண்டு பதறி, வெள்ளிக்கு வெள்ளி எண்ணெய் பூசியிருக்கிறேன். எண்ணெயைக் குடித்த பேட்டுகள் கத்தாமல் என்ன செய்யும்? ஊருக்கெல்லாம் கை கழுவச் சொல்லிக் கொடுக்கிறவன், என் கையாலேயே நோயைப் பரப்பியிருக்கிறேன். ஒரு வெள்ளி நான் பூசிய துணி இன்னும் கொஞ்சம் ஈரமாக இருந்திருந்தால் பிரேக்கே பிடித்திராது என்றும் யோகன் சொன்னார். தட்டைச் சுத்தமாகக் கழுவி, புதுப் பேட்டுகள் போட்டு, சாவியைக் கையில் தரும்போது சொன்னார்: "சேர், ரொட்டிக் கல்லுக்குத்தான் எண்ணெய் பூசுற."

கீச்சு வராத நாள்

இரண்டு வெள்ளி எண்ணெய்த் துணியைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். சனி வந்தது, ஞாயிறு வந்தது, பைக் வாய் திறக்கவில்லை. வியாழன் காலை பதினொரு மணிக்கு, மதியச் சாப்பாடு தயாராகும் நேரம், பள்ளிவாசலடி வேகத்தடையில் ஏறினேன். பிரேக்கை அழுத்தினேன். சத்தமே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

நேரே பின்கதவு. பழைய அரிசிச் சாக்கின் மேல் பராட்டா மா, அதன் பக்கத்தில் பூனை, பூனைக்குப் பக்கத்தில் நேற்றைய கறி வாளி, வாளிக்குள் கரப்பான். தொப்பிகள் அலுமாரியில் மடித்தபடி இருந்தன. ஒருவரும் ஓடவில்லை, அசையவுமில்லை. கல்லாவிலிருந்து எழும்பி வந்த லெத்தீப் காக்கா என்னைப் பார்த்தார், தெருவை எட்டிப் பார்த்தார், திரும்பவும் என்னைப் பார்த்தார். "சேர்... பைக் எங்க?"

ஒரு தரம் போதும்

வாளிக் கறியைக் கொட்டி அழித்தேன், வழக்கு எழுதினேன், நீதிமன்றம் இரண்டு வாரத்துக்கு ஹோட்டலைப் பூட்டச் சொன்னது. மீன் சந்தையில் மட்டன் கொத்துக் கதை அன்றே செத்தது. கதையைக் கட்டியவரே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏழாவது அறிக்கையை வாசித்த வைத்திய அதிகாரி இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துத்தான் கதைத்தார்: "இத ஒருக்கா வாசிச்சது போதும்."

நாள் முழுக்கத் துடைப்பு

ஹோட்டல் திறந்து ஒரு மாதம் கழித்துப் போனேன். சமையலறை பளபள என்று இருந்தது. இந்தத் தடவை தரை காய்ந்திருந்தது, தொப்பிகளில் வியர்வை ஊறியிருந்தது, பூனை எங்கேயோ குடிபெயர்ந்துவிட்டது. 'திருப்திகரம்' என்று எழுதும்போது மனம் இனித்தது. லெத்தீப் காக்கா பெருமூச்சு விட்டார்: "முந்தி உங்கட பைக் கத்தினா மட்டும்தான் துடைச்ச. இப்ப சத்தமில்லாமப் போற பைக்கெல்லாம் நீங்கதானோண்டு விடியத் துடங்கி மஃரிப் பாங்கு வரைக்கும் துடைக்கிறம் சேர்."

பத்தொன்பது வருட உத்தியோகத்தில் நான் ஊருக்குச் செய்த ஆகப் பெரிய சுகாதாரத் தொண்டு, ஓர் இரும்புத் தட்டில் எண்ணெய் பூசாமல் சும்மா இருந்ததுதான்.