கட்டிலுக்குக் கீழே விதைக்கிழங்கு

யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி பூட்டிக் கிடந்த காலம். டொக்டரிடம் கண் காட்ட வேண்டுமென்று அனுமதி எடுத்து, கப்பலேறிக் கொழும்புக்கு வந்த என் அண்ணா, கண்ணைக் காட்டி முடித்த கையோடு மலைநாட்டுக்குப் போய், நான்கு சாக்கு விதை உருளைக்கிழங்கோடு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட் வாசலில் வந்து நின்றார். இருப்பது மூன்றாம் மாடி, இரண்டே அறை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"புது இனமடி. வாடல் நோய் பிடிக்காதாம்" என்றார். கண்ணுக்குப் போட வேண்டிய மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவருடையது குத்தகைத் தோட்டம். பழைய இனத்தை வாடல் தின்று தீர்த்த பிறகு, நல்ல விதை கிடைக்காமல் தரிசாகக் கிடந்தது. இந்தக் கார்த்திகைக்குள் கிழங்கு நடாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று காணிக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். மார்கழிப் பனி இல்லாமல் எங்கள் ஊரில் கிழங்கு விழாது. பிந்தி நடுவதும் நடாமல் விடுவதும் ஒன்றுதான். அண்ணாவுக்கு அந்தத் தோட்டத்தை விட்டால் வேறு தொழில் தெரியாது. வேறு தொழில் இருக்கிறது என்பதையே அவர் ஒத்துக்கொண்டதில்லை.

சாக்கில் கிடந்தால் அவியும் என்று, கிழங்கையெல்லாம் முளைக்கண் மேலே பார்க்கும்படி கட்டில்களுக்குக் கீழே பேப்பரில் பரப்பினார். வீட்டிலிருந்த ஒரே மின்விசிறி கிழங்குகளுக்குப் போனது. நானும் என் கணவரும் பழைய பேப்பரால் விசிறிக்கொண்டு படுத்தோம்.

"என்னக்கா, கட்டிலுக்குக் கீழ தோட்டமோ?" என்று கீழ்வீட்டுக்காரி கேட்டாள்.

"ஓம், அறுவடைக்கு வாங்கோ" என்றேன். எரிச்சலில் சொன்னதுதான். அண்ணா மட்டும் உண்மையாகவே மகிழ்ந்து சிரித்தார்.

கப்பலில் விதை கொண்டுபோகத் தனி அனுமதி வேண்டுமாம். ஒவ்வொரு காலையும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அனுமதி கொடுக்கும் கந்தோருக்குப் போவார். அங்கிருந்த சிங்களக் கிளாக்கர் தலையை நிமிர்த்தாமலே "ஹெட்ட" என்பாராம். நாளைக்கு. அண்ணாவுக்குச் சிங்களத்தில் நன்றாகப் பழகிய சொல் அது ஒன்றுதான்.

கொழும்பு வெக்கைக்குக் கிழங்கு காத்திருக்குமா? வந்த சில நாளிலேயே தடித்த ஊதா முளைகள் கிளம்பிவிட்டன. அண்ணா பாயில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்தார்.

"ஐயோ, ஏன் அண்ணா? நல்ல முளையெல்லோ!"

"கிள்ளினாத் திரும்ப முளைக்கும். நாள் பிடிக்கலாம்."

திரும்ப முளைத்தது, கொஞ்சம் மெலிந்து. அனுமதி வரவில்லை. மறுபடியும் கிள்ளினார். ஐப்பசி மழையில் அறை முழுக்க ஈரம் ஏறி, தினமும் நாலைந்து அழுகின. அழுகியதை நான்தான் பொறுக்கி எறிந்தேன். வாய் ஓயாமல் ஏசிக்கொண்டே பொறுக்கினேன். ஆனால் கந்தோரிலிருந்து அவர் படியேறி வரும் சத்தம் கேட்டால், இன்றைக்காவது கிடைத்திருக்க வேண்டுமே என்று வாசலுக்கு ஓடுவேன்.

மூன்றாம் முறை கிள்ளும்போது அவர் கை தயங்கியது. கிள்ளாவிட்டால் முளை நீண்டு முறிந்துவிடும். கிள்ளினால் கிழங்கில் இனி வலு இல்லை. இரண்டும் தெரிந்துதான் கிள்ளினார்.

அனுமதி வந்தபோது கார்த்திகை முடிந்திருந்தது. ஆளுக்கும் சாக்குகளுக்கும் சேர்த்து, முத்திரை எல்லாம் குத்தி, குறை சொல்ல முடியாத அனுமதி. கட்டிலுக்குக் கீழே கிடந்தவையோ தோல் சுருங்கி, நூல் போல முளை விட்டிருந்தன. பச்சை பிடித்ததால் கறிக்கும் ஆகாது.

சாக்குகளைத் தானே சுமந்து இறக்கி, மாநகரசபைக் குப்பை லொறியில் போட்டார். நான் உதவிக்குப் போனேன்; கிட்ட வர விடவில்லை.

"நீங்களெண்டாலும் போங்கோ அண்ணா. கப்பல் இருக்குத்தானே" என்றேன்.

"போய் என்னத்தை நடுறது?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பதில் தெரிந்தால் சொல் என்பது போல என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அந்த முறை கப்பல் அவர் இல்லாமலே புறப்பட்டுப் போனது. தோட்டம் வேறு ஆளுக்குப் போனதாகத் தை மாதம் சேதி வந்தது. பிறகு பாதை திறந்தபோதும் அவர் போகவில்லை. மருதானையில் ஒரு வேர்க்‌ஷொப்புக்குக் காவல் இருந்து, அங்கேயே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி செத்துப்போனார்.