செருப்பைக் கழற்றாத ஆபீசர்

கொட்டாம்பட்டி ரோட்டோரம் முள்காடாகக் கிடந்த இடத்தில் கிணறு வெட்டினேன். நானே கலவை சுமந்து ஆறு வாடகை வீடுகள் கட்டினேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். அந்த வீடுகளுக்குள் செருப்போடு நுழைந்த முதல் ஆள், ஒரு சுகாதார ஆய்வாளர்தான்.

மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிக்க வந்த ஒருவன், வயலில் அடிக்கவே தடை செய்த மருந்தை ஆறு வீட்டுக்குள்ளும் அடித்துவிட்டுப் போய்விட்டான். குடியிருந்தவர்களின் குழந்தைகள் வாந்தியெடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கிருந்து தகவல் கிடைத்து இவர் வந்தார். ஒல்லியான ஆள், பாதி நரைத்த மீசை. கையுறையை மாட்டுமுன் ஊதி, ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்.

"சார், செருப்பக் கழட்டுங்க. சாமி படம் இருக்குற வீடு."

"கழட்ட மாட்டேண்ணே. நீங்களும் போட்டுக்கிட்டு வாங்க. தரை பூராம் மருந்து."

"நான் வெறுங்காலோடயே நடந்து பழகுனவன் சார். எனக்கு ஒண்ணும் ஆகாது."

"உங்களுக்கு ஆகாதுண்ணே. இதுல தவழ்ந்த பிள்ளைகளுக்கு ஆயிருச்சே."

வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தேன்.

வீடுகளைக் காலி செய்யச் சொன்னார். இப்போது ஆறு வீடும் பூட்டிக் கிடக்கின்றன. எதிர்வீட்டில் நான் ஒருத்தன். செவ்வாய்க்கிழமைதோறும் அவர் வந்து, தரையில் மருந்து மிச்சமிருக்கிறதா என்று சோதிக்கப் பஞ்சால் துடைத்து எடுத்துப்போவார். வேறு யாரும் வருவதில்லை.

"இன்னும் எம்புட்டு நாள் சார்?"

"தரையில மருந்து இன்னும் இருக்குண்ணே" என்பார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, நான் தரும் டீயை நின்றபடியே குடிப்பார். அவர் வண்டிச் சத்தம் மறையும்வரை வாசலிலேயே நிற்பேன்.

பிள்ளைகள் தேறிவிட்டார்கள். ஊரெல்லாம் அவரைப் புகழ்கிறது, புகழட்டும். ஆனால் அவர் காலி செய்யச் சொன்ன அன்றே, பொழுது சாய்வதற்குள் ஆறு குடும்பத்தையும் வண்டியேற்றி அனுப்பியவன் நான். கட்டியவனும் நான், காலி செய்தவனும் நான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.