உரசிப் பார்த்த பத்துக் குச்சிகள்

மருந்து முக்குகிற அண்ணாச்சியின் விரல்களில் எப்போதும் சிவப்புச் சாயம் ஏறியிருக்கும். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலை அது. குச்சி அடுக்கிய சட்டங்களை மருந்தில் முக்கியெடுப்பது அவர் வேலை. தொண்ணூறுகளின் கடைசியில், புள்ளியியல் படித்த கையோடு நான் அங்கே சரக்கைச் சோதிக்கிற வேலைக்குப் போனேன். காய்ந்த குச்சிகளில் பத்தை உரசுவேன். பத்தும் பற்றினால் அன்றைய சரக்கு முழுவதும் நல்லது என்று எழுதிவிடுவேன். எல்லாவற்றையும் உரசினால் அப்புறம் விற்பதற்கு என்ன இருக்கும்?

"பத்து குச்சிய உரசிட்டு மொத்தத்தையும் சொல்லுதீயளே தங்கச்சி, இது என்ன ஜோசியமா?" என்று அண்ணாச்சி கேலி செய்வார். படித்த திமிர் எனக்கு, சிரித்துக்கொண்டே போய்விடுவேன்.

அந்த ஐப்பசியில் அடைமழை. மூன்று நாள் தொடர்ந்து பத்தில் நாலைந்து குச்சிகள் புஸ்ஸென்று அணைந்தன. குச்சி சரியில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். முக்குகிற கை சரியில்லை என்று மேனேஜரிடம் சொன்னேன். பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்த மனிதர், சனிக்கிழமை கணக்கு முடிக்கப்பட்டு, சோற்றுத்தூக்கை எடுத்துக்கொண்டு போனார்.

புதிய ஆள் வந்தும் குச்சி அணைந்தது. அப்போதுதான் முதன்முறையாக உள்ளறைச் சட்டத்திலிருந்து எடுத்து உரசினேன். அத்தனையும் பற்றின. உள்ளே மருந்து நெடி தாங்காதென்று இத்தனை நாளும் வாசலோரச் சட்டத்திலிருந்தே எடுத்திருக்கிறேன். மழைச்சாரல் அடித்ததும் அங்கேதான். மேனேஜரிடம் போய் என் தப்பைச் சொன்னேன்.

அண்ணாச்சியைத் தேடி அவர் ஊரான கயத்தாறுக்குப் போனேன். லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, திரும்ப வரச்சொல்லி மேனேஜரே அனுப்பினார் என்று கெஞ்சினேன்.

"வேற ரெண்டு ஆலையில போய்க் கேட்டேன். கை சரியில்லாத ஆளுன்னு அங்கனயும் பேராயிப் போச்சு. இனிமே அந்த வேலையே வேண்டாம் தங்கச்சி," என்றார். கோபமே இல்லை. அடுத்த மூட்டையைத் தூக்கிக்கொண்டே, "உள்ள இருக்கதுல ஒண்ண உரசிப் பாத்திருக்கலாம்லா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது கல்லூரியில் ஆய்வு முறை நடத்துகிறேன். எத்தனை மாதிரி எடுத்தால் போதும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். சூத்திரம் சொல்லிவிட்டு, எங்கிருந்து எடுத்தாய் என்று திருப்பிக் கேட்பேன். பிறகு இந்தக் கதையைச் சொல்வேன். போன வருஷம் ஒரு மாணவி எழுந்து, "உங்க முடிவ நீங்க திருத்திட்டீங்க மேடம். அவருக்கு ஆன பேரை யாரு திருத்துனா?" என்று கேட்டாள்.

யாரும் திருத்தவில்லை என்றேன்.